கசப்பு வியாபாரம்

பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு கட்டில் இருக்கிறது. 64 வகை மூலிகை மரங்களால் செய்தது, திருவிதாங்கூர் ராஜாவுக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு என்று கைடு சொல்வார். படுத்தால் நோய் நொடி அண்டாதாம். கூட்டத்தில் யாராவது ஒருவர், 'படுத்துப் பார்க்கலாமா?' என்று கட்டாயம் கேட்பார். கைடு சிரிக்காமல் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்.

நான் போன அன்று அந்த ஒருவர் நான்தான்.

கூட வந்திருந்த பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். தக்கலைக்காரர். அரண்மனை அவருக்குப் பக்கத்து வீடு மாதிரி. "கட்டில்ல படுத்து என்ன ஆவப்போவுது மக்கா? வயிறு சரியா இருந்தா தரையில படுத்தாலும் ஒறக்கம் வரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு குறும்பு. எனக்குக் காரணம் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில் வாக்கிங் நண்பர் ஒருவர் எனக்குக் கற்றாழை உபதேசம் செய்தார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், உடம்பு கம்பி மாதிரி ஆகிவிடும். பால்கனித் தொட்டியில் இருந்த மடலை வெட்டி, மேல்தோலை மட்டும் அரைகுறையாகச் சீவி, மிக்ஸியில் அடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. அன்று பகல் ஒன்றுமில்லை. ராத்திரி ஆரம்பித்தது. மறுநாள் நான் ஆபீஸ் போகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் பெரியம்மாவிடம் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மஞ்சப்பால வடிய விட்டியா?"

அது என்ன மஞ்சப்பால்?

கற்றாழை மடலை வெட்டியதும் வெட்டுவாயில் மஞ்சளாக ஒரு திரவம் கசியும். பச்சைத் தோலுக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றுக்கும் நடுவில், மெல்லிசாக ஓடும் குழாய்களில் இருக்கும் பால் அது. மடலைச் சாய்த்து வைத்து அதை வடியவிட வேண்டும். பிறகு தோலைச் சீவி, சோற்றை ஏழு தண்ணீரில் அலச வேண்டும். அதற்கப்புறம்தான் வாயில் வைக்க வேண்டும். இது தக்கலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பட்டணத்தில் பி.காம். படித்தவனுக்குத் தெரியவில்லை என்பது பெரியம்மாவின் தீர்ப்பு.

சோற்றில் வயிற்றைக் கலக்க ஒன்றும் கிடையாது. என்னைப் படுத்தியது அந்த மஞ்சப்பாலில் இருக்கும் ஒரே ஒரு சமாசாரம். பெயர் அலோயின். இந்தச் செடியின் சரித்திரம் என்று எழுதினால் அது பெரும்பாலும் இந்த மஞ்சப்பாலின் சரித்திரம்தான். இரண்டாயிரம் வருடம் உலகம் காசு கொடுத்து வாங்கியது இதைத்தான். சோற்றை யாரும் சீண்டவில்லை. இன்றைக்கு அப்படியே தலைகீழ்.

அரண்மனையிலிருந்து திரும்பும்போது, தக்கலையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்று கரியபோளம் கேட்டேன். மஞ்சப்பாலைக் காய்ச்சி, வற்றவைத்து, கட்டியாக்கினால் கிடைப்பது கரியபோளம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செந்நிநாயகமா? எதுக்காக்கும்? உளுக்கா, பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிக்கவா?"

இரண்டுக்கும் வயதில்லை என்றேன். சிரித்தார். கறுப்புக் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு துண்டை உடைத்துப் பேப்பரில் மடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல மாசமா இருக்கிய பொண்ணு யாராவது உண்டுன்னா உள்ளுக்குக் குடுத்திராதீங்க, கேட்டியளா."

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் திரும்ப வருவேன். முதலில் பெயர் பஞ்சாயத்தை முடித்துவிடலாம்.

செந்நிநாயகம் என்றோ சென்னிநாயகம் என்றோ காதில் விழுவது மலையாளப் பெயர். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. சில வார்த்தைகளும் அப்படி அங்கேயே தங்கிவிட்டன. வடக்கே வந்தால் இதே சரக்கு மூசாம்பரம். முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து உளுக்குக்குப் பற்றுப் போடுவார்கள். சின்ன வயதில் கிரிக்கெட் ஆடியவர்கள் அந்த நாற்றத்தை மறந்திருக்க முடியாது. மூசாம்பரத்தின் மூலம் அரபி. அரபியில் கற்றாழைப் பாலுக்கு சப்ர், காய்ச்சிய சரக்குக்கு முசப்பர். அதே சப்ர் என்றால் பொறுமை என்றும் அர்த்தம். 'சபூர் செய்யுங்க' என்று நம்மூர் முஸ்லிம்கள் சொல்கிறார்களே, அந்த சபூர்தான். இவ்வளவு கசப்பை விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டாமா!

கரியபோளத்திலும் ஒரு குழப்பம் உண்டு. போளம் என்பது உண்மையில் வேறொரு மரத்தின் பிசின், வெள்ளைப்போளம் என்பார்கள். கறுப்பாக இருந்ததால் இது கரியபோளம் ஆகிவிட்டது. இந்த மாவட்டத்தின் தேவாலயங்களில் புனித வெள்ளி அன்று இரண்டு பெயரும் சேர்ந்து காதில் விழும். இயேசுவை அடக்கம் செய்ய நிக்கொதேமு கொண்டுவந்த வாசனைப் பொருட்களைத் தமிழ் பைபிள் அப்படித்தான் சொல்கிறது. அது கற்றாழை அல்ல, அகில் கட்டையாக இருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. இந்தக் கறுப்புக் கட்டியை முகர்ந்து பார்த்த யாரும் அதை வாசனைப் பொருள் என்று சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம்விட அழகான பெயர் ஒன்று இருக்கிறது. சம்ஸ்கிருதத்திலும் நம் சித்த மருத்துவத்திலும் கற்றாழைக்குப் பெயர் குமரி. குமரி லேகியம், குமரி எண்ணெய் என்றெல்லாம் வருவது இதுதான். வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் வாடாத செடிக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஆக, குமரி மாவட்டத்தில் குமரியைத் தேடிப் போயிருக்கிறேன். தற்செயல்தான். ஆனால், முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேட்டிலும் இரண்டு குமரியும் வருகின்றன. ஏமன் கரையில் கானே என்ற துறைமுகத்திலிருந்து சாம்பிராணியோடு கற்றாழைச் சரக்கு ஏற்றுமதியாகிறது என்று எழுதியவர், சில பக்கங்கள் தாண்டி, கொமார் என்ற முனையில் ஆணும் பெண்ணும் விரதமிருந்து நீராடுவதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் என் காமர்ஸ் மூளை ஒரு கேள்வி கேட்டது. கற்றாழை எந்த வறண்ட மண்ணிலும் முளைக்கிற செடி. அதை எதற்காகக் கடல் கடந்து வாங்கினார்கள்?

விடை, சரக்கின் குணத்தில் இருக்கிறது. சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். வெட்டிய கொஞ்ச நேரத்தில் நிறம் மாறி, நீர்த்து, கெட்டுப்போகும். பாய்மரக் கப்பலில் அதை ஏற்றினால் பத்து மைல் தாங்காது. ஆனால், மஞ்சப்பாலைக் காய்ச்சிய கட்டி? தண்ணீர் இல்லை, புழு வைக்காது, எறும்பு மொய்க்காது. ஒரு சின்னத் துண்டு ஒரு ஆளின் வயிற்றைச் சுத்தம் செய்துவிடும். குறைந்த எடை, நிறைந்த விலை, கெடாத சரக்கு. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? கசப்பு பயணம் போகும், சோறு போகாது. விஷயம் அவ்வளவுதான்.

பயணம் போகிற சரக்குக்குப் புராணமும் முளைத்துவிடும். அரபிக் கடலில், ஏமனுக்குத் தெற்கே இருக்கும் சொகோத்ரா தீவின் கற்றாழைக்கு ஒரு காலத்தில் ஏக மவுசு. அதற்காகவே அந்தத் தீவைப் பிடிக்கச் சொல்லி அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் யோசனை சொன்னார் என்று 10-ம் நூற்றாண்டில் அல்-மஸ்ஊதி எழுதினார். பேதி மருந்துக்காகப் படையெடுப்பு! நம்பத் தேவையில்லை. ஆனால், அப்படி ஒரு கதையைச் சொன்னால் கேட்பவர்கள் நம்பக்கூடிய அளவுக்குச் சரக்குக்கு மதிப்பு இருந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் 1507-ல் அந்தத் தீவைப் பிடித்து, 1511-ல் போதும் சாமி என்று விட்டுப் போனார்கள். 1834-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே சர்வே எடுத்தது. கற்றாழைக்காக அல்ல, பம்பாய்க்கும் சூயஸுக்கும் நடுவில் நீராவிக் கப்பல்களுக்குக் கரி போட ஒரு இடம் வேண்டும் என்பதற்காக. விலைக்குக் கேட்டார்கள், சுல்தான் மறுத்துவிட்டார். இறக்கிய சிப்பாய்களைக் காய்ச்சல் வாட்டியது. கடைசியில் 1839-ல் ஏடனைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் கற்றாழை வியாபாரத்தில் சொகோத்ராவுக்குப் போட்டி வந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவான பார்படாஸ், தென்னாப்பிரிக்காவின் கேப், நம் குஜராத்தின் ஜாபராபாத் என்று ஊர் ஊருக்கு ஒரு ரகம்.

செடியின் பெயருக்கே ஒரு ஓட்டப்பந்தயம் நடந்திருக்கிறது. 1768 ஏப்ரலில் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர் 'ஃப்ளோரா இண்டிகா' என்ற இந்தியத் தாவரப் புத்தகத்தில் இதற்கு அலோ வேரா என்று பெயர் வைத்தார். பத்தே நாள் கழித்து இங்கிலாந்தில் மில்லர் வைத்த பெயர் அலோ பார்படென்சிஸ். தாவரவியல் சட்டப்படி முந்தியவருக்கே உரிமை. பத்து நாள் தாமதமாகியிருந்தால் இன்றைய ஷாம்பு பாட்டிலில் எல்லாம் பார்படாஸ் பெயர்தான் இருந்திருக்கும்.

இனி, கணக்குக்கு வருவோம். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கிலாந்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாமஸ் பீச்சம் என்ற ஆள் 1840-களில் சந்தை சந்தையாகப் போய் மாத்திரை விற்க ஆரம்பித்தார். பீச்சம் மாத்திரை. மலச்சிக்கல், தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எதற்கும் அதுவே. 'ஒரு டப்பா ஒரு கினி பெறும்' என்பது விளம்பரம். கினி என்றால் 21 ஷில்லிங். விற்றதோ ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு. 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'ரகசிய மருந்துகள்' என்று ஒரு புத்தகம் போட்டது. மாத்திரைகளை லேபில் பிரித்து மேய்ந்து, உள்ளே என்ன இருக்கிறது, அதன் அடக்க விலை என்ன என்று அச்சிட்டுவிட்டார்கள். பீச்சம் டப்பாவில் 56 மாத்திரை. உள்ளே இருந்தது கற்றாழைக் கட்டி, இஞ்சி, சோப்பு. அவ்வளவுதான். மொத்தப் பொருளின் விலை சுமார் அரை ஃபார்திங்.

ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங். விற்ற விலை பதின்மூன்றரைப் பென்னி, அதாவது 54 ஃபார்திங். 108 மடங்கு! அர்ச்சனை எண்ணிக்கை மாதிரி இருக்கிறது. முத்திரை வரி, விளம்பரம், கடைக்காரர் கமிஷன் எல்லாம் கழித்தாலும் ஆடு மேய்த்தவரின் வம்சம் அரண்மனை கட்டக் காணும். கட்டினார்கள். பேரன் தாமஸ் பீச்சம் புகழ்பெற்ற இசை நடத்துனர் ஆனார். 1969-ல் பீச்சம் கம்பெனி ஹார்லிக்ஸை வாங்கியது. அதே கம்பெனியின் லேபில் பிறந்த அமாக்ஸிசிலின் 1972-ல் விற்பனைக்கு வந்தது. பிறகு கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து 2000-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் ஆகின. நம் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலின் பூர்வீகத்தில் ஒரு பேதி மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரை 1998-ல் நின்றது.

இப்போது கடைக்காரர் சொன்ன வாக்கியம். கற்றாழைப் பால் பெருங்குடலை முறுக்கும்போது அடிவயிறு முழுக்க முறுக்கும். கர்ப்பிணிக்கு அது ஆபத்து என்று நம் வைத்தியர்களுக்கும் தெரியும், ஐரோப்பிய வைத்தியர்களுக்கும் தெரியும். தெரிந்ததை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் 1743-ல் ஹூப்பர் என்பவர் 'பெண்கள் மாத்திரை' என்று காப்புரிமை வாங்கினார். கற்றாழை முக்கியச் சரக்கு. அதன் பிறகு அதே பாணியில் எத்தனையோ மாத்திரைகள். 'அடைப்பை நீக்கும்' என்று விளம்பரம் செய்வார்கள். என்ன அடைப்பு என்று வாங்கும் பெண்ணுக்கும் தெரியும், விற்கும் கடைக்காரருக்கும் தெரியும். நம்மூரிலும் 'தள்ளிப்போச்சு' என்று தயங்கித் தயங்கிக் கேட்ட பெண்களுக்குப் பேப்பரில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கலைக்க வல்லது என்று நம்பியது பாதிதான் நிஜம். சாப்பிட்டவளின் உயிரை உலுக்கியது முழு நிஜம். பீச்சம் டப்பாவுக்கு அரை ஃபார்திங் வரைக்கும் கணக்கு இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

அலோயினைத் தனியாகப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1851-ல், எடின்பரோவின் டி அண்ட் எச் ஸ்மித் கம்பெனி. அது வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. விழுங்கிய அலோயின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சும்மா பயணம் செய்யும். பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைப் பகுதியைக் கழற்றிவிடும். மிச்சமிருப்பதுதான் குடலைத் தூண்டி, தண்ணீரை உள்ளே இழுத்து வைத்து, ஆட்டம் போட வைக்கிறது. இதற்கெல்லாம் எட்டு, பத்து மணி நேரமாகும். ராத்திரி சாப்பிட்டால் விடியற்காலை. காலையில் குடித்த என் போன்ற அறிவாளிக்கு ராத்திரி.

2002-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழை கூடாது என்று சொல்லிவிட்டது. விஷம் என்று நிரூபித்துத் தடை செய்யவில்லை. புற்றுநோய் வருமா, மரபணுவைக் கெடுக்குமா என்று சோதித்த விவரம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கம்பெனிகள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? அரை ஃபார்திங் சரக்குக்கு, யாரும் காய்ச்சி விற்கக்கூடிய, காப்புரிமை இல்லாத ஒன்றுக்கு, எந்த முதலாளி கோடிக்கணக்கில் ஆராய்ச்சி செய்வார்? இரண்டாயிரம் வருட வியாபாரம் ஒரு பதில் கடிதம் வராததால் முடிந்தது என்பேன்.

சோதனை பிறகு நடந்தது, அரசுச் செலவில். பால் நீக்காமல் முழு மடலை அரைத்த சாற்றை இரண்டு வருடம் தண்ணீரில் கலந்து கொடுத்ததில் எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன என்று 2013-ல் அமெரிக்க அறிக்கை சொன்னது. சுண்டெலிகளுக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முழு மடல் சாற்றை 'வரக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய யூனியன் 2021-ல் உணவில் தடை போட்டது, 2024-ல் அதன் நீதிமன்றமே அதை ரத்து செய்தது. இழுபறிதான். இன்று கற்றாழை ஜூஸ் தொழிற்சாலைகள் கரித்தூளில் வடிகட்டி அலோயினை எடுத்துவிடுகின்றன. குடிக்கும் சரக்கில் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சர்வதேசச் சங்கம் வைத்திருக்கும் அளவு. பெரியம்மாவின் ஏழு தண்ணீர், மெஷினில்.

சோறு கெடாமல் காக்கும் வித்தை 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைகூடியதும்தான் இந்தப் புது வியாபாரம் பிறந்தது. ஷாம்பு, கிரீம், ஜூஸ். இந்த அலையில் எங்கள் உறவினர் ஒருவரும் குதித்தார். 2000-களின் தொடக்கம், வள்ளியூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர். ஒரு கம்பெனி கன்று விற்றது, மடலைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தது. பெயர் வேண்டாம். ஒன்றரை வருடம் கழித்து மடல் கொழுகொழுவென்று நின்றபோது கம்பெனி போன் எடுக்கவில்லை. ஒரு லோடு வெட்டி அவரே லாரியில் அனுப்பிப் பார்த்தார். போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிட்டது, லாரி வாடகை கையைக் கடித்தது. எவ்வளவு போச்சு என்று அவர் கடைசி வரை வீட்டில் சொல்லவில்லை. வயலின் ஒரு துண்டு மட்டும் கைமாறியது.

"காய்ச்சிக் கட்டியாக்கி வச்சிருந்தா கெடாதே" என்று பெரியம்மா அப்போதே சொன்னாராம். அவர் சொன்னது இரண்டாயிரம் வருட வியாபார அறிவு. ஆனால் அதே வருடங்களில்தான் அந்தச் சரக்கை அமெரிக்கா அலமாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் வள்ளியூரில் யாருக்குத் தெரியும்?

தக்கலையில் வாங்கிய துண்டு இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் மட்டும் செம்பழுப்பாகத் தெரிகிறது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் கடுகளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணீரும், கருப்பட்டித் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நாகர்கோவிலில் ரயில் ஏறும்போதும் கசந்துகொண்டிருந்தது.